உரிமையாளர் விருப்பம்

செருப்பை அந்தப் பக்கமா விட்டுட்டு உள்ள வாங்கம்மா. மாடி போர்ஷன் பாக்கத்தானே வந்தீங்க? பாக்கலாம், பாக்கலாம், போர்ஷன் எங்கயும் ஓடிடாது. முதல்ல ஃபேன் கீழ உக்காருங்க. கொளத்தூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க? மோர் தரேன், இருங்க.

அவரா? எங்க வீட்டுக்காரர்தான். நீங்க வணக்கம் சொன்னதுக்குப் பதில் சொல்லலையேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்குப் பேச்சு வராது. பொறந்ததுலேர்ந்து இல்ல, இப்ப ஒரு பத்து மாசமாத்தான். காது நல்லாக் கேக்கும். சாப்பாடு, தூக்கம், பேப்பர் படிக்கறது எல்லாம் சரியா இருக்கு, பேச்சு மட்டும் வரல. மூணு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். வாயைத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, தொண்டைல ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. திருஷ்டியாத்தான் இருக்கும். எதிர்வீட்டுக்காரி கண்ணு அப்படி.

ஆமா, வர்றப்போ வாசல்ல அவ உங்களைப் பிடிச்சு ஏதாவது சொன்னாளா? சொல்லியிருப்பா. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. போர்ஷன் பாக்க வர்ற ஒருத்தரையும் அவ விடறதில்ல. அதான் நானே சொல்லிடறது. மூடி மறைக்க எங்கிட்ட என்ன இருக்கு?

மாடில ஒன்பது வருஷம் நாகலிங்கம்னு ஒருத்தன் குடியிருந்தான். பொண்டாட்டி பேரு எழிலரசி. நம்ம கொளத்தூர்தான் வளர்ப்பு மீனுக்குப் பேர்போன ஊராச்சே, இவனும் மொட்டைமாடில பதினோரு சிமெண்ட் தொட்டி வெச்சு மீன் வளத்தான். சாப்பிடற மீன் இல்லம்மா, கண்ணாடித் தொட்டில விட்டு வேடிக்கை பாப்பாங்களே, அது. கோய்னு ஒரு ஜாதி. வெள்ளையும் செவப்புமா, அங்கங்க சந்தனப்பொட்டு வெச்ச மாதிரி. நான் ஒண்ணும் சொல்லல. மனுஷன்னா பொழைக்கணும் இல்லையா? இவரு என்னடான்னா தினம் காலைல பல்லு விளக்கினதும் மாடிக்கு ஓடிடுவாரு. தீனி போடறேன்னு ஒரு மணி நேரம். ஒவ்வொரு மீனுக்கும் பேரு வேற வெச்சிருந்தாரு. ரிட்டயர் ஆன ஆம்பளைக்கு வேற என்ன வேலை? என்னங்க, சொல்றது சரிதானே? பாருங்க, தலைகூட ஆட்ட மாட்டாரு.

அப்பத்தான் இந்தச் சட்டம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியும்ல, வீட்டுச் சொந்தக்காரங்க எந்த கம்பெனிகிட்ட வேணா கரண்ட் வாங்கிக்கலாம்னு. அம்மா, நான் மனசாரச் சொல்றேன், எனக்கு அப்போ அறுபத்தோரு வயசு. அந்த வயசு வரைக்கும் 'உனக்கு எது வேணும்'னு என்னை ஒரு ஜீவன் கேட்டதில்ல. மாப்பிள்ளை பாத்தப்போகூட எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உங்களைச் சொல்லலங்க, பேச்சுக்குச் சொல்றேன். முதல்முதலா கம்பெனிக்காரங்க வீடு தேடி வந்து, 'அம்மா, உங்க விருப்பம் என்ன?'ன்னு கேட்டாங்க. பொன்னொளின்னு ஒரு கம்பெனி, விடிவெள்ளின்னு ஒரு கம்பெனி. ரெண்டு ஏஜென்ட்டும் போட்டி போட்டுக்கிட்டு வந்தாங்க. ஒருத்தர் காலண்டர் குடுத்தா இன்னொருத்தர் குத்துவிளக்கு குடுத்தாரு. நான் எதுலயும் கையெழுத்துப் போடல. தினமும் வரட்டும்னு விட்டுட்டேன். ஒரு மாசம் நம்ம வீடு கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு போங்க.

படிவத்துல கடைசில ஒரு கட்டம் இருந்துச்சு. 'உரிமையாளர் விருப்பம்'னு போட்டிருந்துச்சு. உரிமையாளர்னா நான்தான். இந்த வீடு எங்கப்பா எனக்கு எழுதி வெச்சது, இவரு பேருல ஒரு செங்கல் கிடையாது. குடியிருக்கறவங்களுக்குன்னு அந்தப் படிவத்துல ஒரு கட்டமும் இல்ல. நான் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தரம் தேடிப் பாத்துட்டேன். இல்லவே இல்ல.

இது இப்படி இருக்க, ஒரு நாள் நாகலிங்கம் கையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறான். 'அம்மா, பொன்னொளியையே எடுங்கம்மா. அவங்க லைன்ல கரண்ட் அடிக்கடி போறதில்ல. மீனுக்குக் காத்து மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கணும், அதான் கேக்கறேன்'ங்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. வீடு யாருது? விருப்பம் யாருது? என் கட்டத்துல இவன் எழுத வரான்! சிரிச்சுக்கிட்டே 'பாக்கலாம்ப்பா'ன்னேன். அன்னைக்கு சாயங்காலமே விடிவெள்ளிக்காரரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கோவத்துல போட்டேன்னு எதிர்வீட்டுக்காரி சொல்லுவா. கோவம் என்னம்மா கோவம்? நான் எதையும் யோசிச்சுத்தான் செய்வேன்.

விஷயம் தெரிஞ்சு அவன் மறுபடியும் வந்தான். சண்டையெல்லாம் போடல, அவனுக்கு அந்த தைரியம் ஏது? 'சரிம்மா, உங்க இஷ்டம். லைன் மாத்தற அன்னைக்குக் கொஞ்ச நேரம் கரண்ட் இருக்காதுல்ல, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, ஜெனரேட்டர் ஒண்ணு எடுத்து வெச்சுடறேன்'னான். அதோட விட்டிருந்தாத் தேவல. வாய் சும்மா இருக்காதே! அந்த மாசக் கடைசில ஒரு பெரிய ஆர்டர் போகுதாம். மூணு வருஷமா வளத்த மீனாம், வெளிநாட்டுக்கு ஏத்தறவர் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கறாராம். அது போனதும் சோழவரம் பக்கத்துல கிரவுண்டு வாங்கப்போறானாம். 'நாங்களும் ஒரு வீடு கட்டிடுவோம்மா, உங்க ஆசீர்வாதம்'னான். எழிலரசி பின்னால நின்னுக்கிட்டு, 'அப்போ நாங்களும் கரண்ட் கம்பெனிக்காரங்களை வரிசையா உக்கார வெப்போம்'னு சொல்லி வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. இவரும் சேந்துக்கிட்டு சிரிக்கறாரு.

எனக்கு வயித்தெரிச்சல்னு நினைச்சுடாதீங்க. நல்லா இருக்கட்டும்னுதான் சொன்னேன். ஆனா ஒன்பது வருஷம் என் மாடில இருந்துட்டு, என் தண்ணி, என் காத்து, என் வெயில்ல மீனை வளத்துட்டு, ஓனரா ஆகப்போறேன்னு எங்கிட்டயே வந்து சொன்னா? சரி விடுங்க.

நான் காலண்டரைப் பாத்தேன். புதுசா ஒரு லைன் வீட்டுக்குள்ள வருதுன்னா அது பால் காய்ச்சற மாதிரிதானேம்மா? நேரம் காலம் பாக்காம எடுத்தேன் கவுத்தேன்னு செய்ய முடியுமா? வைகாசி வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்த நாள், ஒன்பதே கால்லேர்ந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். விடிவெள்ளிக்காரர் 'அதுக்கென்னம்மா'ன்னுட்டாரு. ஒன்பது மணிக்குப் பழைய லைனை எடுத்துடுவாங்க, ஒன்பதரைக்குப் புது லைன் கொடுத்துடுவாங்க. அரை மணி நேரம். அரை மணி நேரத்துக்கு யாராவது ஊரெல்லாம் தண்டோரா போடுவாங்களா? அதான் மாடில சொல்லல. மறந்துட்டேன்னு வேணா வெச்சுக்கோங்க. மெசேஜ் வந்தது என் போனுக்கு, வீடு என்னுது, நான் எதுக்கு ஒவ்வொண்ணையும் அவன்கிட்ட ஒப்பிக்கணும்? அவனுக்கு ஞாயித்துக்கிழமை மீன் ஏத்தறாங்கன்னு எனக்கு எங்க தெரியும்? சொல்லியிருந்தான்தான். எல்லாத்தையும் நான் மண்டைல வெச்சுக்கணுமா?

வெள்ளிக்கிழமை சொன்னபடி ஒன்பது மணிக்குப் பழைய லைனை எடுத்தாங்க. நான் மீட்டர் பொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, கற்பூரத் தட்டோட நிக்கறேன். சீரியல் பல்பு தோரணம்கூடக் கட்டியிருந்தேன், இன்வர்ட்டர்லேர்ந்து ஒயர் இழுத்து. ஒன்பதரை ஆச்சு, பத்தாச்சு, லைன்மேனைக் காணோம். ஏதோ டிராஃபிக்காம். வந்து சேந்தப்போ பத்தே முக்கால். ராகு காலம் ஆரம்பிச்சாச்சு!

நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். யாராவது அந்த நேரத்துல விளக்கேத்துவாங்களா? 'ரெண்டு நிமிஷ வேலைம்மா, மாட்டிட்டுப் போயிடறேன்'னு அந்த லைன்மேன் தலைகீழா நின்னாரு. மீட்டர் பொட்டிச் சாவி என் இடுப்புல. முடியாதுப்பா, பன்னெண்டு மணிக்கு மேல மாட்டுன்னேன். அவரு தலைல அடிச்சுக்கிட்டு, இன்னொரு வேலையை முடிச்சுட்டு வரேன்னு கிளம்பிட்டாரு.

அதுக்குள்ள மாடிலேர்ந்து நாகலிங்கம் ஓடி வந்தான். அவன்கிட்ட ஒரு பேட்டரி இருந்துச்சு, ஒரு மணி நேரம்தான் தாங்குமாம், அதுவும் தீந்துபோச்சாம். 'எப்பம்மா வரும்?'ங்கறான். பன்னெண்டு மணிக்கு வரும்ப்பான்னேன். அப்படியே கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா'ன்னான். அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கிட்டு ஜெனரேட்டர் தேடிப் போனான். முகூர்த்த நாள்ல ஜெனரேட்டர் எங்க கிடைக்கும்? அத்தனையும் கல்யாண மண்டபத்துக்குப் போயாச்சு. மாதவரம் வரைக்கும் சுத்திட்டு வெறுங்கையோட வந்தான்.

பன்னெண்டு ஆச்சு, ஒண்ணு ஆச்சு, லைன்மேன் வரல. போன் போட்டா எடுக்கல. நான் என்ன செய்யட்டும்? மாடில ஒரே சத்தம். தண்ணியை மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்தினா அதுல கொஞ்சம் காத்து கலக்குமாம். எழிலரசி, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க, எதிர்வீட்டுக்காரியும்தான், ஆளுக்கொரு சொம்பு, ஆளுக்கொரு குண்டான். வைகாசி வெயில், தளம் கொதிக்குது. பதினோரு தொட்டிக்கு எத்தனை கை பத்தும்? மீனெல்லாம் வாயை மேல தூக்கித் தூக்கி முழுங்குதாம். இவருதான் வந்து சொன்னாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு, நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு. அவருக்கு பைபாஸ் பண்ணின உடம்பும்மா! நான் வைய மாட்டேனா?

அப்பத்தான் அவன் அதைக் கேட்டான். 'அம்மா, உங்க இன்வர்ட்டர்லேர்ந்து ஒரே ஒரு ஒயர் விடறேன். அந்த மோட்டார் ஒரு ஃபேன் அளவுகூட இழுக்காதும்மா. பெரிய மீன் இருக்கற நாலு தொட்டியையாவது காப்பாத்திடறேன்.' கை கூப்பறான். கையெல்லாம் பாசி. அந்தக் கையோட என் பூஜை ரூம் வாசல்ல நிக்கறான்.

இன்வர்ட்டர் புதுசும்மா. பேட்டரி போயிட்டா யாரு பொறுப்பு? தோரணம் வேற அதுலதான் எரியுது. நல்ல காரியத்துக்கு ஏத்தின விளக்கைப் பாதில அணைச்சா அபசகுனம். முடியாதுப்பான்னுட்டேன். அவன் இன்னொருதரம் கேக்கல. வாசப்படில அப்படியே உக்காந்துட்டான்.

இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? பீரோ மேல இருந்த ஒயர் சுருளை எடுத்துக்கிட்டு இன்வர்ட்டர்கிட்ட போறாரு. 'ஒரே ஒரு ஒயர்தான் இந்திராணி, நான் விடறேன்'ங்கறாரு. பாருங்க, எல்லார் முன்னாலயும். பக்கத்து வீட்டுக்காரங்க நிக்கறாங்க, எதிர்வீட்டுக்காரி நிக்கறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'இதுல கை வைக்க நீங்க யாரு? நீங்களும் இந்த வீட்ல வாடகை குடுக்காம குடியிருக்கற ஆளுதான்'னேன்.

விளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் சகஜம்தானே? நாப்பது வருஷத்துல நாங்க போடாத சண்டையா? அவரும் பெரிசா எடுத்துக்கல. ஒயரைச் சுருட்டி, எடுத்த எடத்துலயே வெச்சாரு. என் சொம்பு ஒண்ணை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் மொண்டு ஊத்தினாராம்.

லைன்மேன் வந்தப்போ மணி மூணு அஞ்சு. வெள்ளிக்கிழமை மூணுலேர்ந்து நாலரை எமகண்டம்! என் தலையெழுத்தைப் பாருங்க. அந்த ஆள் என் கால்ல விழாத குறையாக் கேட்டாரு. மாடிலேர்ந்து எழிலரசி கத்தினா, என்னென்னமோ சொல்லிக் கத்தினா. நான் காதுல வாங்கிக்கல. நல்ல நேரத்தைத்தான் கோட்டை விட்டாச்சு, எமகண்டத்துலயா புது வெளிச்சம் ஏத்துறது? அந்த வீட்ல நல்லது நடக்குமா? அவங்களும் இதே வீட்லதானே குடியிருக்காங்க, அவங்க நல்லதுக்கும் சேத்துத்தானே நான் பாத்தேன்? இது யாருக்கும் புரியல. நாலரை அடிச்சதும் சாவியைக் குடுத்தேன். கற்பூரம் காட்டினேன். பளிச்சுனு வந்துச்சு கரண்ட். மாடில மோட்டார் சத்தம் எனக்கே கேட்டுச்சு, டொர்ருன்னு.

அப்புறம் நான் சக்கரைப் பொங்கல் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். மனுஷங்களுக்குள்ள மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? தொட்டி பூரா மீன் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. நாகலிங்கம் தொட்டிக்குள்ள காலை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். என்னைப் பாத்து, 'கரண்ட் வந்துடுச்சாம்மா? நல்லது'ன்னான். பொங்கலை வாங்கிக்கல. எழிலரசி திரும்பிக்கூடப் பாக்கல. என்ன திமிர் பாருங்க! இவரு ஒவ்வொரு மீனா எடுத்துக் கூடைல போட்டுக்கிட்டிருந்தாரு. பேரு சொல்லிப் போடுவாரோன்னு நினைச்சேன். ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் எதுவுமே சொல்லல.

அந்த வாரமே காலி பண்ணிட்டாங்க. சோழவரம் கிரவுண்டு வேற யாருக்கோ போச்சாம். ஒரு விதத்துல நல்லதுதான், அந்தப் பக்கம் மழைக்குத் தண்ணி நிக்கும். அவன் இப்போ யாரோட மீன் கடைலயோ சம்பளத்துக்கு நிக்கறானாம். போன மாசம் மார்க்கெட்டுல பாத்தேன். 'வணக்கம்மா'ன்னான். எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒன்பது வருஷம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவன், இப்படி ஒரு சின்ன விஷயத்துக்கு முறுக்கிக்கிட்டுப் போயிட்டானேன்னு.

சரி, அந்தக் கதை எதுக்கு. மாடியைக் காட்டறேன், எந்திரிங்க. ரெண்டு ரூம், நல்ல காத்து, தொட்டி பதினொண்ணும் அப்படியே இருக்கு, நீங்க துணி ஊறவெச்சுக்கலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பின்னால பேச்சு வரக்கூடாது. வர்ற சித்திரைல நான் கம்பெனி மாத்தலாம்னு இருக்கேன். வருஷத்துக்கு ஒருதரம் மாத்திக்க உரிமை இருக்கு. பொன்னொளிக்காரர் மறுபடியும் வந்து போயிக்கிட்டிருக்காரு. நாள் கிழமை எல்லாம் நான்தான் பாப்பேன்.

என்னம்மா சொன்னீங்க? உங்க அம்மாவுக்கா? மூச்சு மெஷினா? ராத்திரி பகலா மூக்குல மாட்டிக்கிட்டே இருக்கணுமா? அய்யோ பாவம். அது என்ன, கரண்ட்லயா ஓடும்? அதுக்கென்ன, வயசானவங்க, அதெல்லாம் பாத்துக்கலாம். லைன் மாத்தறது என்ன, அரை மணி நேர வேலை. நான் நேரம் பாத்துத்தான்...

என்னங்க? என்னங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க?

அம்மா! கேட்டீங்களா? பேசினாரும்மா! 'வேணாம்மா, அம்மாவை இங்க கூட்டிட்டு வராத'ன்னு முழுசா, தெளிவாச் சொன்னாரும்மா! பத்து மாசம் ஆச்சு இந்தக் குரலைக் கேட்டு! மூணு டாக்டர் கையை விரிச்சாங்களே! ஏங்க, இன்னொருதரம் சொல்லுங்க, இந்திராணின்னு சொல்லுங்க, ஒரே ஒரு தரம்.

நீங்க எங்கம்மா கிளம்பிட்டீங்க? உங்க காலடி பட்ட ராசிம்மா இது! நீங்கதான் இந்த வீட்டுக்கு வரணும். வேற யாருக்கும் விடமாட்டேன். இருங்க, காலண்டரைப் பாக்கறேன், பால் காய்ச்ச நல்ல நாளா நானே பாத்துத் தரேன். செருப்பை மாட்டாதீங்கம்மா, மோரைக்கூடக் குடிக்கலையே. ஏங்க, அவங்க போறாங்க பாருங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்களேன். உங்களுக்குத்தான் பேச்சு வந்துடுச்சே!